மூன்றாம் தண்ணீருக்குப் பிறகு

வெயிலில் வைத்த தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் ஊறும்போது எழுகிற கசப்பு வாசனை இன்றும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குளிரில் வேப்பமரம் வளராது. யாருக்காவது அம்மை போட்டால், வீட்டு ஆண்களில் ஒருவர் பஸ் ஏறி வெல்லவாயப் பக்கம் இறங்கி, உரச்சாக்கில் வேப்பங்குழை கட்டிக்கொண்டு வரவேண்டும். என் அக்கா வசந்திக்கு அம்மை போட்டபோது அப்பா அப்படித்தான் கொண்டுவந்தார். பாதி இலை வழியிலேயே வாடியிருந்தது.

அம்மை என்று வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். "ஆத்தா வந்திருக்கா" என்பார்கள். அடுப்பில் தாளிப்பு நின்றுவிடும், வாசலில் குழை தொங்கும், வரிசை வீடுகளான லயத்தின் சனம் எங்கள் ஒற்றை அறைக் "காம்பரா"ப் பக்கம் எட்டிப் பார்க்காது. ஆத்தா இறங்குவதற்கும் முறை உண்டு. முத்துகள் வாடியதும் நாள் விட்டு நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிட்டால் அவள் மனம் குளிர்ந்து போய்விட்டாள், பிள்ளை சுகமாகிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு நோய் என்ற பேச்சே கிடையாது.

அக்காவுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள், கோயிலுக்கு மாவிளக்கும் போனது. ஆனால் அக்கா பழைய அக்காவாகத் திரும்பி வரவில்லை.

காய்ச்சல் இல்லை, புண் இல்லை, தழும்புகூட ஆறிவிட்டது. ஆனாலும் பீலியில் ஒரு வாளி தண்ணீர் பிடித்து வந்தால், வாளியை வைத்த இடத்திலேயே தானும் உட்கார்ந்துவிடுவாள். புத்தகத்தை விரித்தால் ஒரே பக்கத்தில் பொழுது போய்விடும். சாதாரண தரம் என்ற பொதுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் தேறினால் மேலே படித்து டீச்சராகலாம். தேறாவிட்டால் அம்மாவோடு கொழுந்து பறிக்க மலைக்குப் போகவேண்டியதுதான். லயத்தில் கணக்கென்றால் அவள்தான் என்பதால், அவள் தேறுவதில் எங்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஒருநாள் அம்மாவிடம் சொல்லியே விட்டாள். "எனக்கு இன்னும் ஒடம்புக்கு முடியலம்மா. படிச்சது எதுவும் மண்டையில நிக்க மாட்டேங்குது."

அம்மா பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். "அப்பிடிச் சொல்லாத புள்ள! ஆத்தா எறங்குனப்பொறகு முடியலன்னு சொன்னா, அவ சரியா எறங்கலன்னு நீயே சொல்ற மாதிரி. குத்தமாயிரும்."

அதோடு அக்கா சொல்வதை நிறுத்திவிட்டாள். தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போக யாருக்கும் தோன்றவில்லை. ஆத்தா இருக்கும்போதே மருந்து தேடாதவர்கள், போன பிறகா தேடுவார்கள்? பக்கத்துக் காம்பராக்காரம்மா "வயசுப்புள்ள, மனசு எங்கயோ போயிருச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "சோம்பல் ஒட்டிக்கிச்சு, எந்திரிச்சு நடமாடுனா சரியாப் போயிரும்" என்றார் அப்பா. பாசமில்லாதவர்கள் அல்ல. அந்த அயர்ச்சியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்கு ஆத்தாமேல் கோபம் இல்லை. அந்த மூன்றாம் தண்ணீர்மேல் இன்றும் உண்டு.

கணக்குப் பரீட்சையன்று வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாக அக்கா கிளம்பினாள். அப்பாவும் நானும் கூடப் போனோம். பாடசாலைக்கு நல்ல ஏற்றம். பாதி வழியில் தேயிலைச் செடியோரம் உட்கார்ந்தவள், "நீங்க போங்கப்பா, நான் மெதுவா வர்றேன்" என்றாள். அப்பா குனிந்து முதுகைக் காட்டினார். வளர்ந்த பெண்ணை அப்பா உப்புமூட்டை தூக்கிப் போவதை மற்றப் பிள்ளைகள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அக்கா முகத்தை அவர் தோளில் புதைத்துக்கொண்டாள். முதல் கேள்வியையே திரும்பத் திரும்ப வாசித்ததாகவும், பிறகு மேசையில் தலை சாய்த்துவிட்டதாகவும் வெகுகாலம் கழித்து என்னிடம் சொன்னாள்.

கணக்கில் தவறிவிட்டாள். அடுத்த வருடம் மறுபடி எழுதலாம் என்று பாடசாலையில் சொன்னார்கள். அதற்குள் அயர்ச்சி மெல்ல விலகி, மலை ஏறவும் கூடை சுமக்கவும் உடம்பில் தெம்பு வந்திருந்தது. ஆனால் "எனக்கு மண்டையில ஒண்ணும் இல்லீங்க சார்" என்று சொல்லிவிட்டு, தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்துகொண்டாள். உடம்பை விட்டுப் போன நோய், அந்த நம்பிக்கையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது.

இன்று அந்த லயம் இல்லை; மண் சரியும் என்று பயந்து சனத்தை வேறு இடத்தில் குடியேற்றிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் இல்லை. உரச்சாக்கில் வேப்பங்குழை கட்டி வருகிறவர்களும் அருகிவிட்டார்கள். நான் பதுளையில் கணக்குப் படிப்பிக்கிறேன். அண்மையில் எனக்கு ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் விட்டு வாரக்கணக்காகியும் படி ஏற முடியவில்லை. பிள்ளைகளின் விடைத்தாளில் ஒரே வரியை வாசித்துக்கொண்டேயிருந்து, ஒன்றும் விளங்காமல் அழுதுவிட்டேன். டாக்டர் மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "வைரஸ் போனாலும் இந்தக் களைப்பு சில பேருக்கு மாசக்கணக்குல இருக்கும். மூளையும் சோர்ந்துதான் போகும். ரெஸ்ட் எடுங்க, சரியாயிரும்."

வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் எடுத்தேன். மலையில் இருந்தாள். டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லி, "அன்னைக்கு ஒனக்கு இருந்ததும் இதுதான் அக்கா" என்றேன். போனில் கூட வேலை செய்யும் பெண்களின் பேச்சு கேட்டது. பிறகு, அவர்கள் காதில் விழக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அப்ப நான் பாசாகியிருப்பேன்ல?"