சாம்பார்ப் பொடி பாக்கெட்டில் சிரித்தவர்

அந்தக் கோடு நான் போட்டது. மை கலக்கிய பிஜு போட்டதன்று.

இதை வெளியில் சொல்ல எனக்கு இத்தனை காலம் ஆயிற்று. நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம், நம்பினால் போதும். இவ்வளவு சிறிய வரத்தை ஏன் கேட்கிறேன் என்பது முழுவதையும் படித்தால் புரியும்.

என் பெயர் செல்வராஜ். நாகர்கோவில்காரன். திருவனந்தபுரத்தில், பிளாஸ்டிக் உறைகள் அச்சடிக்கும் ஓர் ஆலையில் மெஷின் ஆபரேட்டர். எங்கள் மெஷினில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருளை உண்டு. அது மைத்தொட்டியில் முங்கிச் சுழலும். உருளைமேல் படிந்த மிகுதி மையை நீண்ட மெல்லிய எஃகுத் தகடு ஒன்று வழித்துத் தள்ளும். டாக்டர் பிளேடு என்போம். அதன் விளிம்பில் எள்முனை அளவு பிசிறு இருந்தாலும் அந்த இடத்தில் மை கசிந்து, ஓடுகிற பிளாஸ்டிக் சுருள் நெடுகக் கோடு விழுந்துவிடும்.

ஆகவே மாட்டும்போது கவனம் வேண்டும். பிடிப்பானைத் துடைத்து, தகட்டை அலையில்லாமல் வைத்து, திருகுகளை நடுவிலிருந்து இருபுறமும் சீராக முடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் விளிம்பை நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். அன்று நானும் வருடிப் பார்த்தேன். ஓரிடத்தில் நகம் தட்டியது. தட்டியும் மாட்டினேன்... இதுதான் என் குற்றம்.

ஏன் மாட்டினேன்? இங்கேதான் வெட்கம் வருகிறது.

அதற்குச் சில நாள் முன்பு, விழிஞ்ஞத்திலிருந்து வந்த சாளை மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என் மனைவி மல்லிகா, மழுங்கிய கத்தியைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒங்க கம்பெனில அவ்வளவு பிளேடு கெடக்குல்லா. ஒரு துண்டு கொண்டாந்தா கொறஞ்சா போயிரும்?"

கழித்துப் போட்ட தகடுகள் ஆலையில் குவிந்து கிடந்தன. அதில் ஒன்றை எடுத்திருக்கலாம். கட்டிய மனைவிக்குப் பழையதையா கொடுப்பது என்று எனக்கொரு பெருமை! புதிய தகட்டுச் சுருளிலிருந்தே ஒரு துண்டை வெட்டி, மரப்பிடி போட்டுக் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்தது. திருமணத்துக்குப் பின் நான் கொடுத்த எதற்கும் அப்படி மலர்ந்ததில்லை.

அந்தச் சுருளில் எஞ்சியிருந்தது சரியாக ஒரு தகட்டுக்கான நீளம் மட்டுமே. அதில்தான் நான் கைவைத்திருக்கிறேன் என்பது ஓண நெருக்கடியில், மெஷினுக்குக் குறுக்கே தகட்டைப் பிடித்தபோதுதான் தெரிந்தது. ஒரு சாண் குறைந்தது. ஸ்டோரில் புதுச் சுருள் கேட்டால், பழையது எங்கே போயிற்று என்பார்கள். மீன் வெட்டப் போயிற்று என்றா சொல்வது? குப்பையிலிருந்து ஒரு பழைய தகட்டை எடுத்து மாட்டினேன்.

அன்று ஓடியது ஆரியசாலை மொத்த வியாபாரி சங்கரலிங்கம் அண்ணாச்சியின் சாம்பார்ப் பொடி உறை. சிவப்புப் பின்னணி, நடுவில் வெள்ளை வட்டம், வட்டத்துக்குள் கடையைத் தொடங்கிய அவருடைய காலஞ்சென்ற தந்தை. உதட்டை இறுக்கி மூடிய முகம். உயிரோடிருந்த காலத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லையாம்.

சிவப்பு மையில் கோடு விழுந்தது. பின்னணியும் சிவப்பு என்பதால் அங்கே தெரியவில்லை. வட்டத்துக்குள் மட்டும், பெரியவரின் முகத்துக்குக் குறுக்கே தெரிந்தது. தகடு ஓடும்போது மெல்ல இருபுறமும் அசையும். அதனால் கோடு வளைந்து வளைந்து, ஒவ்வோர் உறையிலும் அவர் வாயருகே ஒவ்வொரு விதமாகப் போயிற்று. முதல் மாதிரியிலேயே பார்த்துவிட்டேன். சாம்பார் வைக்கிற அவசரத்தில் இந்தக் கிழவர் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஓடவிட்டேன்.

குடும்பத்தார் பார்த்தார்கள்.

அண்ணாச்சி ஒரு பை நிறையப் பாக்கெட்டுகளோடு வந்து மேலாளர் ஷீபா மேடத்தின் மேசையில் பரப்பினார். என்னையும் அங்கே அழைத்திருந்தார்கள்.

"இதுல அப்பா சிரிக்காரு. இதுல அழுவாரு. இதுல பீடி குடிக்காரு, பாருங்க. எங்க அத்தைக்கு அழுவுற பாக்கெட்டு கெடச்சிருக்கு. அண்ணனுக்கு எம்மேல என்ன கோவமோன்னு சோறு திங்காம கெடக்கா."

"உங்க தம்பி என்ன சொல்றாரு?" என்று மேடம் கேட்டுவிட்டார்.

"அவனுக்குக் கெடச்சது சிரிக்கிறது. அதைச் சட்டம் போட்டு மாட்டிட்டு, அப்பாவுக்கு எம்மேலதான் பிரியம்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியான்."

நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன். அப்போதுதான் மேடம் என் பக்கம் திரும்பினார்.

"செல்வராஜ், இது எப்படி வந்துச்சு?"

பிளேடு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. வாயிலிருந்து விழுந்தது வேறு.

"மையில தூசு மேடம்."

மை அறையிலிருந்து பிஜுவை அழைத்தார்கள். நெய்யாற்றின்கரை மலையாளி, எங்களோடு பழகிப் பாதித் தமிழ் பேசுவான். அவன் மறுத்துப் பேசியிருந்தால் நானும் உடைந்திருப்பேன். அவன் மறுக்கவில்லை. பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். அவன் கண் கலங்கியது.

"என்னோட தெற்றுதான் மேடம். மையை வலையில அரிக்கிறப்போ வீட்டிலேர்ந்து போன் வந்துச்சு. கவனம் போயிருக்கும்."

செய்யாத தவறுக்குக் காரணம் வரை கண்டுபிடித்துக் கொடுத்தான்! நான் பக்கத்திலேயே நின்றேன்.

அந்த மாதம் புதிய மெஷினுக்கு அவனை ஆபரேட்டராக்குவதாக இருந்தது. வேறொருவனைப் போட்டார்கள். பிஜு மை அறைக்கே திரும்பினான். அன்றிலிருந்து ஒரு முறை வடிகட்டிய மையை மறுபடியும் வடிகட்டுகிறான். இரண்டாவது வடிகட்டலில் ஒன்றும் வராது என்பது எனக்குத் தெரியும். வெறும் வலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். எதைத் தேடுகிறான்? என்னைத்தானே...

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவனை டீக்கடைக்கு அழைத்துப் போனேன்.

"பிஜு, அன்னைக்கு உன் மையில ஒண்ணுமில்ல. நான் பழைய பிளேடு மாட்டினேன்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "என்னை ஆசுவாசப்படுத்தக் கள்ளம் சொல்லண்டா அண்ணாச்சி."

"கள்ளமில்லடே. புது பிளேடை வெட்டி வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். மல்லிகா அதுலதான் மீன் வெட்டுதா."

அவன் டீயைச் சிந்திவிட்டுச் சிரித்தான். "மீன் வெட்டவா? சொல்ற கள்ளத்தை நம்புற மாதிரி சொல்ல வேண்டாமா?"

சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்ய அவன் கண்ணில் என் மதிப்பு உயர்ந்துகொண்டே போனது. மறுநாள் ஆலை முழுவதும் கதை பரவியிருந்தது. பிஜுவின் தவறைத் தன் தலையில் போட்டுக்கொள்ள, கட்டிய மனைவியையே கதையில் இழுத்துவிட்ட நல்ல மனிதர் செல்வராஜ்! ஷீபா மேடம் எல்லாருக்கும் முன்னால் என்னைப் பாராட்டினார். அது பிளேடுதான் மேடம் என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

உரக்கக் கத்தி மறுத்திருக்கலாமே என்பீர்கள். மறுக்கவில்லை. பாராட்டு உள்ளே இறங்கியபோது இனித்தது... அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

போன வாரம் மற்றொரு மெஷினுக்கு ஆபரேட்டர் தேவைப்பட்டது. நானே மேடத்திடம் போய் நின்றேன். இந்த முறை பிஜுவுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று மன்றாடினேன். அவரும் சம்மதித்தார். மை அறைக்கு ஓடிப்போய்ச் செய்தியைச் சொன்னேன்.

பிஜு கையிலிருந்த வலையைக் கீழே வைத்தான்.

"வேண்டா அண்ணாச்சி. மெஷின் ஓட்ட உங்க மாதிரி கவனம் உள்ள ஆளு வேணும். எனக்கு என் கண்ணு மேலயே நம்பிக்கை போயிட்டு."