துடைக்கத் துடைக்கக் கறுத்த துணி

நம்பாதவர்கள் இத்தோடு விட்டுவிடலாம். மெர்வின் இதைச் சொல்லி யாரிடமும் அனுதாபம் தேடவில்லை. ஆனால் இது நடந்தது. வட மிச்சிகன் காட்டில், டிசம்பர் பனியில், ஒரு மான் வேட்டைக் குடிலில்.

குடிலில் இரண்டே பேர். மெர்வின், அவன் மனைவியின் அண்ணன் ராய்ஸ். அன்று மெர்வின் சுட்ட ஒரே குண்டும் மானைத் தவறவிட்டது. வெளிச்சம் போவதற்குள் துப்பாக்கியைக் கழுவ உட்கார்ந்தான். குழாயின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணியில் சுற்றிய குண்டை வைத்து, கம்பியால் இடித்து, பின்பக்கம் ‘கேப்’ என்ற சின்ன வெடிமூடியை மாட்டி, அதன்மேல் விசையின் சுத்தியல் விழுந்தால் வெடிக்கும் பழைய மாதிரி. சுட்ட அன்றே கழுவாவிட்டால் துரு தின்றுவிடும்.

அது அவர்களோடு வேட்டைக்கு வந்துகொண்டிருந்த எல்வுட்டின் துப்பாக்கி. போன வருடம் இதே குடிலில் எல்வுட் அதைக் கழுவி மூலையில் வைத்தான். பிறகு எடுத்து, அடைப்பு இருக்கிறதா என்று குழாயில் வாய் வைத்து ஊதினான். சுத்தியலைப் பின்னால் தள்ளி மிதித்திருந்த கால் வழுக்கியது. காலி என்று நினைத்த துப்பாக்கி வெடித்தது. அவன் மனைவி நடீன் அதை ஏரியில் போடச் சொல்லி ராய்ஸிடம் கொடுத்தாள். ராய்ஸ் போடவில்லை; இந்த வருடம் மெர்வினிடம் கொடுத்தான்.

மெர்வின் துப்பாக்கியின் மரக்கட்டையையும் சுத்தியலையும் கழற்றி மேசையில் வைத்தான். வெறும் இரும்புக் குழாயை வெந்நீர் வாளிக்குள் நிமிர்த்தி நிறுத்தினான். கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டான். முதல் துணி கறுப்பு. அடுத்தது சாம்பல். மூன்றாவது வெள்ளை.

முடிந்தது. இருந்தாலும் இன்னொரு துணி விட்டான்.

கன்னங்கறுப்பு.

இன்னொன்று. அதுவும் கறுப்பு. சூடாக வேறு இருந்தது. அழுகிய முட்டை நாற்றம்... அப்போதுதான் சுட்டது போல.

“என்ன மாப்ள, கல்யாணப் பொண்ணைக் குளிப்பாட்டுற மாதிரி குளிப்பாட்டுற?” படுக்கையிலிருந்து ராய்ஸ் கேட்டான்.

“மச்சான்... கம்பி அடி வரைக்கும் போகல. நாலு விரல் மேலயே நிக்குது.”

“அதுக்கு?”

“மருந்தும் குண்டும் போட்டா அங்கதான் நிக்கும்.”

ராய்ஸ் சிரித்தான். “எல்வுட்டும் இப்படிக் கம்பி விட்டுப் பாத்திருந்தா பொழச்சிருப்பான். யாரோ தமாஷுக்கு மருந்து போட்டு, கேப் மாட்டி வச்சா... பாக்காம வாய வைப்பானா, மடையன்?”

“யாரு வச்சா?”

“ரொம்ப நோண்டாத.”

மெர்வினும் சிரித்துவைத்தான். ராய்ஸ் சிரிக்கும்போது சிரிக்காதவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

ராய்ஸ் எழுந்து வந்தான். “வெறும் குழாய்டா இது. சுத்தியலே மேசையில கெடக்கு. எதுக்கு நடுங்குற? எப்படி ஊதினான் தெரியுமா அவன்? இப்படி...”

கன்னத்தை உப்பினான். எல்வுட்டைப் போலக் கண்ணை மூடினான். குனிந்தான்.

“வேணாம் மச்சான்.”

டிக்...

மேசைப் பக்கமிருந்து வந்தது சத்தம்.

மெர்வின் திரும்பினான்.

கழற்றி வைத்த சுத்தியல்... மெதுவாக... பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது.

யாரும் தொடவில்லை.

“மச்சா—”

டக்.

சுத்தியல் விழுந்தது. வாளிக்குள் இருந்த குழாய் வெடித்தது.

ராய்ஸ் உடனே சாகவில்லை. பாதையைப் பனி மூடியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்து சேர விடிந்துவிட்டது. அதுவரை அவன் மெர்வினின் கையைப் பிடித்துக்கொண்டே கிடந்தான். எதையோ சொல்லப் பார்த்தான். சொல்ல நாக்கு இல்லை.

போலீஸ் மெர்வினைத் துருவித் துருவிக் கேட்டது. குழாய்க்குள் தண்ணீர்தான் இருந்தது. தரையில் கருகிய வட்டத் துணி ஒன்று கிடந்தது, குண்டைச் சுற்றிய துணி. பச்சையில் மஞ்சள் கட்டம். மெர்வினின் பையில் வெள்ளைத் துணி மட்டுமே இருந்தது.

நடீனிடம் காட்டினார்கள். அவள் அழவில்லை.

“இது எல்வுட்டைப் புதைக்கும்போது நான் போட்டுவிட்ட சட்டை,” என்றாள்.

நீதிமன்ற உத்தரவு வாங்கித் தோண்டினார்கள். பெட்டியின் ஆணி ஒன்றுகூட அசையவில்லை. உள்ளே சட்டை இருந்தது. மார்புப் பக்கம் கத்தியால் வட்டமாக அறுத்த ஓட்டை.

ஒன்று அல்ல.

இரண்டு.