காலிலிருந்து போடும் ஃப்ராக்

ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் ஐந்து வருஷம் காலர் மட்டும் தைத்தேன். அந்தச் சட்டைகள் முழுசாக எப்படி இருக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்தபின், வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த பழைய மெஷினில் எனக்கென்று ஒரு லாங் ஃப்ராக் தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு திருப்பதி பஸ்ஸில் போன அன்றுதான் அந்த டீச்சரைச் சந்தித்தேன்.

பக்கத்து சீட்டில் இருந்தவர் என் தோள் தையலையே பார்த்துக்கொண்டு வந்தார். "இதி எவரு குட்டாரு?" என்றார். யார் தைத்தது என்கிறார். நான்தான் என்றதும் தமிழுக்கு மாறினார். புத்தலப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையாம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது தோளில் பிளேட் வைத்திருந்தார்கள். கை மார்புக்கு மேலே எழும்பாது.

"மூணு வருஷமா எங்க வீட்டுக்காரர்தான் காலைல எனக்கு டிரெஸ் மாட்டி விடறாரும்மா. அவர் ஊர்ல இல்லன்னா பக்கத்து வீட்ல கூப்பிடணும். நானே போட்டுக்கற மாதிரி ரெண்டு ஃப்ராக் தைப்பியா? ஸ்கூலுக்கு ஒண்ணு, தம்பி கல்யாணத்துக்கு ஒண்ணு. கூலி கேக்கறத தரேன்."

அதுவரை என்னிடம் யாரும் கூலி என்று சொன்னதே இல்லை. "சும்மாதானே கீறே, தச்சிக் குடு" என்பார்கள். "தைக்கிறேன்க்கா" என்று வாய் முந்திக்கொண்டது.

முதலில் தைத்தது சரிப்படவில்லை. முன்பக்கம் முழுக்கப் பட்டன் வைத்திருந்தேன். கழுத்துக்குக் கிட்டே வலது கை எட்டவே இல்லை. டீச்சர் எங்கள் உள்ளறையில் கால்மணி நேரம் பாடுபட்டுவிட்டு, "பரவால்லம்மா, நீ நல்லாத்தான் தச்சிருக்கே" என்றார். அந்தப் பரவால்லையை என்னால் தாங்க முடியவில்லை.

"ஒரு வாரம் குடுங்கக்கா" என்றேன்.

மறுநாள் என் வலது கையை முழங்கைக்கு மேலே துப்பட்டாவால் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அலமாரியில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

"இன்னா பண்ணிக்கினு கீறே?" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

தலைவழியாக மாட்டுகிற எதுவும் ஆகவில்லை. உள்பாவாடையைக் காலில் விட்டு ஏற்றும்போது சட்டென்று பிடிபட்டது. ஃப்ராக்கையும் இப்படியே ஏற்றினால் என்ன?

முன்பக்கம் கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழே வரை ஜிப் வைத்தேன். அடிமுனையைத் தைத்தே விட்டதால் ஒன்றில் ஒன்றைக் கோக்கிற வேலை இல்லை. கீழே வலது கையால் பிடித்துக்கொண்டு இடது கையால் மேலே இழுத்தால் போதும். வெளியே தெரியாமல் அதன்மேல் ஒரு மடிப்பு. வலது அக்குளில் இரண்டு விரல் கூடுதலாக விட்டு வெட்டினேன்.

டீச்சர் வந்து உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நகம் கடித்துக்கொண்டு நின்றேன். சீக்கிரமே கதவு திறந்தது. கழுத்துவரை ஜிப் ஏறியிருந்தது. உடனே திரும்ப உள்ளே போனார். கழற்றிவிட்டு இன்னொரு தடவை போட்டுக்கொண்டு வந்தார். பிறகு தன் வீட்டுக்காரருக்கு போன் போட்டார்.

"ஏவண்டி, நாளைலேர்ந்து நீங்க லேட்டாவே எழுந்துக்கலாம்!"

கல்யாணத்துக்குப் பச்சைப் பட்டில் இரண்டாவதைத் தைத்தேன். நாராயணவனத்தில் முகூர்த்தம். என்னையும் கூப்பிட்டிருந்தார். பெண்கள் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் புடவைக்குப் பின் குத்திவிட்டுக்கொண்டிருந்த அறையில், டீச்சர் யாரையும் கிட்டே விடாமல் தானே உடுத்திக்கொண்டு நிமிர்ந்து நின்றார். ஜிப் எங்கே என்று அவருடைய அத்தை தேடித் தேடிப் பார்த்தார். டீச்சர் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"மா டைலர்!" எங்கள் டைலர் என்கிறார்.

அந்த அத்தைக்கும் தோள்வலியாம், கையைத் தூக்கவே முடியாதாம். எனக்கும் ஒன்று தைத்துக் கொடு என்றார். தாலி கட்டி முடிந்ததும், மண்டபத் தூணோரம் அவரை நிற்கவைத்து அளவெடுத்தேன். எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.