பாஸான பூ

அதியமான்கோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு கடையில் ஆவாரம்பூ டீ பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'சர்க்கரை நோயாளியின் தோழன்'. பின்பக்கம் எறும்பு எழுத்தில் 'இது மருந்து அல்ல'. ஐந்தாவதோடு நின்றவன் நான். எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கடைக்காரர் முறைத்தார். திரும்ப வைக்கக் கூச்சப்பட்டே வாங்கிவிட்டேன்.

பிரித்ததும் அதே வாசனை. காய்ந்த பூவும் சாக்குத் தூசியும். முன்பு மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு ஷெட்டில் நானும் கூட வேலை பார்த்த சாந்தியக்காவும் இந்தப் பூவைத்தான் சலித்துப் பொட்டலம் போட்டோம். சித்தேரி மலையிலிருந்து வரும் மூட்டைகளில் முதலாளி இலையையும் காம்பையும் தாராளமாகக் கலப்பார். ஒரே ஒரு மூட்டையில் மட்டும் கை வைக்க மாட்டார். அதற்கு ஆபீசர் மூட்டை என்று பெயர். அரசாங்கச் சோதனைக்கு அதிலிருந்துதான் போகும், பாஸாகி வரும்.

முதலில் உறையில் 'சர்க்கரை நோய்க்கு மருந்து' என்றே இருந்தது. மருந்தென்றால் அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும் என்று ஆபீசர் வந்து சொன்னார்.

"அப்ப டீன்னு போட்டுக்கறேங்க சார்" என்றார் முதலாளி.

ஆபீசர் தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு சொல்லை மாற்றியதும் சட்டத்துக்கு வயிறு நிறைந்துவிட்டது. என்ன சின்ன வயிறு, பாருங்கள் நண்பரே!

சாந்தியக்காவுக்குச் சர்க்கரை. ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டு, ஆபீசர் மூட்டையிலிருந்து பூ எடுத்துப்போய்க் காய்ச்சிக் குடித்தாள்.

"மாத்திர போடலியாக்கா?"

"அட போடா. இது கெவர்மெண்டே பாஸ் பண்ண பூவு. மத்த மூட்டய வாங்கிக் குடிக்கிற ஏமாளியா நானு?"

வாயே திறக்காத நான், அன்று முதலாளியிடம் போய்க் கேட்டேன். "டெஸ்ட்ல என்னங்க பாப்பாங்க?"

"மண்ணு இருக்குதா, ஈரம் இருக்குதா, பூச்சி இருக்குதா. வேற என்னத்தப் பாப்பாங்க?" சொல்லிக்கொண்டே தன் சர்க்கரை மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். என்னிடமிருந்த கூச்சத்தில் பாதியை அவருக்குக் கொடுத்திருக்கலாம்.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "பெரிய மனுசங்க ரெண்டும் சாப்புடுவாங்கடா. நமக்கு ஒண்ணு போதும்."

அந்த மழைக்காலத்தில் அவள் காலில் முள் குத்தியது. புண் ஆறவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

இப்போது அந்த ஷெட் இல்லை. உறையில் 'சர்க்கரை நோய்க்கு மருந்து' இல்லை. சாந்தியக்காவின் இடது காலில் மெட்டி போட விரல் இல்லை. டீ மட்டும் பாஸாகி வந்துகொண்டே இருக்கிறது.