நின்ற காரில் இருக்காத மருத்துவிச்சி

நான் வாடகைக் கார் ஓட்டிய காலத்தில் ஏறாவூர் மருத்துவிச்சி ஒருவரை வவுணதீவுக்கு ஏற்றிப் போனேன். அங்கே ஒரு பெண்ணுக்கு விடியவே நோவு தொடங்கியிருந்தது. மருத்துவிச்சி நெட்டையானவர். முக்காட்டை இறுக்கிச் செருகியிருந்தார்.

வயல்வெளி வட்டை நடுவே இஞ்சின் அணைந்து கார் நின்றது. எனக்கு முன்னே அவர் இறங்கிவிட்டார்.

"இருங்க உம்மா, இப்ப எடுத்திருவன்."

"நீ எடு மனே. நிண்ட வண்டில குந்தியிருந்தா ஊர் வருமா?"

பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தார். நான் காபரேற்றரைக் கழற்றினேன். பெற்றோல் வரும் துளையில் ஊத்தை அடைத்திருந்தது. வாயால் ஊதினேன். முழுதும் போகவில்லை. சோக்கைப் பாதி இழுத்துப் பிடித்தபோதுதான் இஞ்சின் ஓடியது. மிதியில் காலைத் தளர்த்தினால் இருமியது.

அவரை எட்டியதும் கத்தினேன்.

"உம்மா, நிப்பாட்ட ஏலா. நிண்டா திரும்ப எடுபடாது."

"ஆர் உன்னை நிப்பாட்டச் சொன்ன? மெல்லமா வா."

பையை உள்ளே எறிந்தார். ஓடிவந்து மிதிபலகையில் ஏறி, கதவைப் பிடித்து நின்றபடியே வந்தார்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அதற்குள் நான் துளையின் ஊத்தையை முழுதும் எடுத்திருந்தேன். திரும்பும்போது கேட்டேன்.

"கார் எடுபடாட்டி என்ன செஞ்சிருப்பீங்க?"

"நடந்து வந்திருப்பன்."

"அதுக்குள்ள பிள்ளை பிறந்திருக்குமே."

"பிறந்தா? தொப்புள்கொடி அறுக்க ஆள் வேணாமா?"

அந்தப் பெண்ணின் உயிர் என் காரில்தான் இருக்கிறது என்று நினைத்து நான் ஊதிக்கொண்டிருந்தேன். அவர் அப்படி நினைக்கவேயில்லை.