போலந்துச் சிற்றூரின் கோல்கீப்பர், எங்கள் மெர்சி அக்கா

சனிக்கிழமை காலை டிஷ்வாஷரிலிருந்து தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். மெர்சி அக்காவின் கணவர் சேவியர் அண்ணன் போன் செய்தார். "சுபா, மெர்சி போயிட்டா" என்றார். "சரிண்ணா" என்றேன். போனை வைத்துவிட்டு மீதித் தட்டுகளையும் அடுக்கி முடித்தேன். கரண்டிகளை அதனதன் இடத்தில் போட்டேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்வரையிலும் வரவில்லை.

நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் எங்கள் குடியிருப்பில் மெர்சி அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. டேகேரில் வேலை பார்த்தார். இங்குள்ள பிள்ளைகள் பலர் அவர் கையில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஆனால் அவர் போலந்தில் ஒரு சிற்றூர்ப் பெண்கள் கால்பந்து அணிக்கு கோல்கீப்பராக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்தவர். அண்ணன்களோடு மணலில் பந்தாடி வளர்ந்தார். வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். "நான் ஒண்ணும் சண்டை போடல. பந்தை அண்ணன்ட்ட குடுத்துட்டு உள்ள போயிட்டேன்" என்பார். திருமணமானபின், சேவியர் அண்ணனை அவரது கம்பெனி தெற்குப் போலந்தில் ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பியது. அந்த ஊரின் பெயர் எனக்கு இன்றும் சரியாகச் சொல்ல வராது. ஒரு தேவாலயம், ஒரு தீயணைப்பு நிலையம், அதன் பின்னால் ஒரு மைதானம். மொழி தெரியாது, பேச ஆளில்லை. அக்கா அந்த மைதானத்தின் வேலியோரமாகத் தினமும் நடந்திருக்கிறார்.

ஒரு மாலை வேலிக்கு மேலே பந்து பறந்து வந்தது. குளிருக்குப் போட்டிருந்த கம்பளிக் கையுறையோடு அக்கா அதைத் தாவிப் பிடித்துவிட்டார். உள்ளேயிருந்து ஒரு பெண்மணி ஏதோ கத்தினார். திட்டுகிறார் என்று நினைத்து அக்கா "சாரி, சாரி" என்றாராம். காஷா என்ற பள்ளி மாணவி ஓடிவந்து ஆங்கிலத்தில் விளக்கினாள்: "இன்னொரு தடவை பிடிச்சுக் காட்ட முடியுமான்னு கோச் கேக்கறாங்க."

கத்தியவர் போஷெனா. பகலில் ஊருக்குத் தபால் கொடுப்பவர், மாலையில் அணியின் பயிற்சியாளர். பேக்கரிப் பெண், நர்ஸ், பள்ளி மாணவிகள் என்று அணிக்கு ஆட்கள் இருந்தார்கள். கோல்கீப்பர்தான் இல்லை. "மொத மேட்ச்ல ஏழு கோல் விட்டேன் மக்களே. ஆனா மறுநாள் பேக்கரிக்குப் போனா எல்லாரும் பேரு சொல்லிக் கூப்பிடுறாங்க" என்று அக்கா சிரிப்பார்.

சில ஆண்டுகள் கழித்து அண்ணனுக்கு நியூ ஜெர்சிக்கு மாற்றல் வந்தது. அப்போது சீசன் பாதிதான் முடிந்திருந்தது. அக்கா போய்விட்டால் கோல் காக்க வேறு ஆள் கிடையாது. அணி போட்டியிலிருந்தே விலக வேண்டியதுதான். "நீங்க முன்னால போங்க, நான் முடிச்சிட்டு வாறேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். ஊரிலிருந்து போன் மேல் போன். புருஷனைத் தனியாக அனுப்பிவிட்டுப் பந்து விளையாடுகிறாளாம் என்று உறவுக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அக்காவின் அம்மா பல மாதங்கள் அவரோடு பேசவே இல்லை. கடைசி ஆட்டத்தில் அணி தோற்றுக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

"இதுக்காகவா அக்கா அவ்ளோ பேச்சு வாங்கினீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தோத்தோம்தான். ஆளில்லன்னு வீட்ல இருந்து தோக்கல்லியே" என்றார்.

இங்கு வந்த பிறகும் சனிக்கிழமை காலைகள் அந்த அணிக்கே. அங்கே மாலை ஆட்டம் நடக்கும். பேக்கரிப் பெண்ணின் அப்பா தன் போனில் அதை ஒளிபரப்புவார். திடீரென்று வானம் தெரியும், திடீரென்று அவருடைய ஷூ தெரியும். அக்கா போலிஷ் மொழியில் அவரைத் திட்டுவார். என் மகள் நிலா, "ஆன்ட்டி, தட் வாஸ் ஸோ ஆஃப்சைடு" என்பாள். "ஒனக்குக் கண்ணு தெரியாதா?" என்று அக்கா அவளோடு மல்லுக்கு நிற்பார்.

சென்ற ஆண்டு கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். கீமோ ஏற்றும் நாற்காலியில் இருந்தபோது, போலந்துக்குச் சொல்லிவிடலாமே என்று கேட்டேன். "சொன்னா எல்லாரும் கேமரா முன்னால வந்து அழுவாளுவ. எனக்கு மேட்ச் பாக்கணும்" என்றார். அதனால் யாரும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் அண்ணன் வீட்டுக்குப் போனதும், "நீயே சொல்லிடு சுபா, என்னால முடியல" என்று அக்காவின் போனை என்னிடம் கொடுத்தார். காஷாவை அழைத்தேன். இப்போது அவர் அதே ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. சொன்னேன். மைதானத்தில் பக்கத்தில் இருந்த போஷெனாவிடம் அவர் அதைச் சொல்வது கேட்டது. பிறகு, வலித்ததா என்று கேட்டார். கடைசியில் வலி தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் தொடங்க இருக்கிறது, நிறுத்திவிடட்டுமா என்று போஷெனா கேட்கச் சொல்கிறார் என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"நிறுத்தினா மெர்சி என்னைச் சும்மா விட மாட்டா. ஆடச் சொல்லு" என்றார்.

அண்ணனும் நிலாவும் நானும் சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். அன்று பேக்கரிப் பெண்ணின் அப்பாவின் கேமரா அசையவில்லை. இரண்டு அணிகளும் நடுவில் தோளோடு தோள் சேர்ந்து நின்றன. அக்காவின் அணியில் இப்போதைய கோல்கீப்பர், சின்னப் பெண், கோலுக்குள் போகாமல் கம்பத்துக்கு வெளியே தலை குனிந்து நின்றாள். வெறும் வலை காற்றில் அசைந்தது. போஷெனா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். விசில் ஊதியதும் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் நின்றாள். நிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை தேவாலயத்தில் உங்களை வழியனுப்புகிறோம், அக்கா. அங்கே என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேச வருமா என்று தெரியவில்லை. நீங்கள் பார்க்காமல் போன ஆட்டத்தின் முடிவை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பாதியில் நல்ல மழை. ஒன்றுக்கு ஒன்று, டிரா. யாரும் மைதானத்தை விட்டுப் போகவில்லை. நீங்கள் போய் வாருங்கள்.