அப்பா விசில் ஊதாத ஞாயிறு

போன மாதம் ஒரு சனிக்கிழமை லாபுவுக்குப் போய்வந்தேன். எழுபத்தெட்டு வயதில் தோட்டத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று மகன் கேட்டான். அப்பா ஏன் பந்தாட்டத்தை விட்டார் என்று தெரியாமல் கண்ணை மூட எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

மலாயாவில் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலத்தில் அப்பா சிரம்பானில் அறுவை மருத்துவர். யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டிலும் ஆசுபத்திரி ஒழுங்குதான். சாப்பிடும் முன் முழங்கை வரை கழுவுவார். தகர டின் திறக்க மாட்டார். விரல்தானே பிழைப்பு! அதே பயத்தில் பந்தும் ஆட மாட்டார். ஆனால் பந்தென்றால் உயிர். ஞாயிறுதோறும் வழியில் இருந்த போலீஸ் சோதனைச் சாவடிகளைத் தாண்டி, லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய் ஆட்டத்துக்கு விசில் ஊதுவார். செம்மண் அப்பிய காலோடு திரும்பும்போதுதான் எங்கள் வீட்டில் அவர் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

ஒரே ஒரு ஞாயிறு, என் ஏழாவது பிறந்தநாளுக்காக, அதை விட்டுவிட்டு எங்களை சி ரூசா கடலுக்குக் கூட்டிப்போனார். இரண்டு நாள் கழித்து ஆசுபத்திரியிலிருந்து வந்தவர் விசிலைக் கிணற்றில் எறிந்தார். அதன் பிறகு திடல் பக்கமே போகவில்லை. "அந்தக் கதையை எடுக்காதை, பிள்ளை" என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டார். கடலில் நான் அடம்பிடித்ததுதான் காரணம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

சிரம்பானிலிருந்து லாபு பதினைந்து கிலோமீட்டர் அளவுதான். ரயிலும் நிற்கிறது, ஆனால் இறங்கினால் உள்ளே போக வண்டி கிடைப்பது கஷ்டம். பாலா என்பவரின் டாக்சியை ஒரு நாளுக்கு இருநூறு ரிங்கிட் பேசினேன். மதியம் சி ரூசாவும் அதில் அடக்கம். பேரம் பேசத் தெரிந்தவர்கள் இன்னும் குறைக்கலாம். எட்டரைக்குக் கிளம்பினோம்.

"ரப்பர்லாம் எப்பவோ வெட்டியாச்சு லா அம்மா. இப்ப எல்லாம் செம்பனைதான்" என்றார் பாலா.

திடல் இருந்தது. மாடுகள் மேய்ந்தன. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தேநீர் இரண்டு ரிங்கிட், நன்றாக இருந்தது. அப்பா விசிலோடு நிற்கும் பழைய அணிப் படத்தைக் கடைக்காரப் பெண்ணிடம் காட்டினேன். அவள் ஆட்டக்காரர்களில் ஒருவரைத் தொட்டு, "இது நம்ம பெருமாள் தாத்தா லா! பின்னாடிதான் வீடு" என்றாள்.

பெருமாளுக்குத் தொண்ணூறு தாண்டியிருக்கும். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். வலது கால் இல்லை. படத்தை வாங்கி, தன்னைத் தேடாமல் நேரே அப்பாவின் மேல் விரலை வைத்தார். நான் மகள் என்றதும் முகம் மலர்ந்தது.

"டாக்டரய்யா மகளா! ஆப்சைடு குடுத்தே என்னைக் கொன்னாரும்மா ஒங்கப்பா" என்று சிரித்தார். காலைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"வெள்ளிக்கெழம சாயந்தரம் பந்து வேலிக்கு வெளிய போயிருச்சு. அப்பல்லாம் வேலி தாண்டினாலே குத்தம். முள்ளுக்கம்பிக்குக் கீழ பூந்து எடுத்தேன். துருப்புடிச்ச கம்பி, கெண்டைக்கால ஆழமா கிழிச்சிருச்சு. தோட்டத்து ஆசுபத்திரி டிரசர்கிட்ட மருந்துக்குப் போனா மேல சொல்லிருவாரு. கம்பிக் காயம்னா போலீசு விடுமா? காட்டுல இருக்கிறவனுக்கு அரிசி குடுக்கப் போனேன்னு உள்ள வச்சிருவான். ஞாயித்துக்கெழம டாக்டரய்யா வருவாருல்ல, அவருகிட்ட மட்டும் காட்டிக்கலாம்னு துணிய சுத்திக்கிட்டேன்."

அந்த ஞாயிறு அப்பா வரவில்லை. பெருமாள் காய்ச்சலோடு திடல் ஓரத்தில் உட்கார்ந்து, இருட்டும் வரை தோட்டத்து வாசலையே பார்த்திருந்தாராம். திங்கட்கிழமை நினைவு தப்பிய பிறகுதான் மற்றவர்கள் துணியை அவிழ்த்தார்கள். கால் கறுத்திருந்தது. சிரம்பானில் அதை வெட்டி எடுத்தது அப்பாதான்.

"மறுநாளு வந்து, ஏண்டா முன்னயே வரலன்னு கேட்டாரு. ஞாயித்துக்கெழம நீங்க வருவீங்கன்னு இருந்தேன்யான்னேன். ஒண்ணும் பேசாம போயிட்டாரு."

பெருமாள் என் பக்கம் குனிந்தார்.

"அவரு வராத ஞாயிறு அது ஒண்ணுதாம்மா. யாருக்கோ உசுரு போற ஆபரேசன் இருந்திருக்கும். அந்த ஆளு பொழச்சாரா? ஒங்களுக்குத் தெரியுமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எழுபது வருடமாக மனிதர் அந்த ஆறுதலோடு இருந்திருக்கிறார். எனக்குப் பொய் வரவில்லை.

"ஆபரேசன் இல்லைங்க ஐயா. என்னைக் கடலுக்குக் கூட்டிப்போயிருந்தார். எனக்குப் பிறந்தநாள்."

பெருமாள் தொடையைத் தடவிக்கொண்டார்.

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். நாறத் திட்டியிருப்பேன். திட்டித் தீந்திருக்கும். பெறவு விசிலத் தூக்கிட்டு வந்திருப்பாரு" என்றார். "நானு கட்டையக் கக்கத்துல வச்சிக்கிட்டு ஞாயித்துக்கெழமயானா திடலுக்குப் போவேன். வருவாருன்னு ரொம்ப நாளு பாத்தேம்மா."

அழுதுவிட்டேன். சொல்வதற்கு என்ன வெட்கம்.

லாபு போக நினைப்பவர்கள் காலையிலேயே போங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கிறது. தண்ணீரும் கொசு மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் நுழையும் முன் காவலரிடம் சொல்லிவிடுவது நல்லது. அங்கிருந்து சி ரூசா காரில் ஒரு மணி நேரம் பிடிக்கும். பிள்ளைகள் விளையாட நல்ல கடல், தாராளமாகப் போகலாம். நான் பாலாவிடம் பேசிய பணத்தைக் கொடுத்து, வீட்டுக்கே விடச் சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் தண்ணீரில் நின்று அப்பா எப்படிச் சிரித்தார் என்பதை மட்டும் பெருமாளிடம் நான் சொல்லவில்லை.